வியப்பூட்டும் எண்களும் அவற்றின் முகவரியும்: 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' சேவை மதிப்புரை

உலகத்தைப் பற்றிய வியப்பூட்டும் புள்ளிவிவரங்களுக்கு இன்று பஞ்சமே இல்லை. வாட்ஸ்அப் குழுக்களிலும், போட்டித் தேர்வுக் கையேடுகளிலும், தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் வரிகளிலும் அவை நாள்தோறும் வந்து குவிகின்றன. ஆனால் அந்த எண்ணை யார் எண்ணினார்கள், எந்த ஆண்டில் எண்ணினார்கள், எதைச் சேர்த்து எதை விட்டார்கள் என்னும் கேள்விகளுக்கு அவை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. முகவரி இல்லாத எண் எவ்வளவு வியப்பூட்டினாலும் அதை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்க முடியாது. அந்த முகவரியை ஒவ்வொரு எண்ணுடனும் சேர்த்தே தருவதைத் தன் முதன்மையான வேலையாகக் கொண்டிருக்கும் 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' என்னும் இலவச இணையச் சேவையை, தமிழ் வாசகர் ஒருவரின் தேவைகளை முன்வைத்து மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜெர்மானியப் பொருளியலாளரான மாக்ஸ் ரோசர் 2011இல் தொடங்கிய பணி இது. 2014இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும், பிரிட்டனில் பதிவு பெற்ற 'குளோபல் சேஞ்ச் டேட்டா லேப்' என்னும் அறக்கட்டளையும் சேர்ந்து இதை நடத்துகிறார்கள். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்து உறுப்பினராக வேண்டிய கட்டாயமும் இல்லை. நன்கொடைகளாலும் நல்கைகளாலும் நடக்கும் நிறுவனம் என்பதால் பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்பது நியாயமே. கேட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்ட நிதியாளர்களின் பெயர்களை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். உலகச் சுகாதாரத்திலும் வேளாண்மையிலும் தனக்கெனத் தெளிவான கொள்கைகளை உடைய ஓர் அறக்கட்டளையின் பணம் அதே துறைகளின் புள்ளிவிவரத் தொகுப்புக்குச் செல்வதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இதனால் எண்கள் பொய்யாகிவிடா. எந்தத் தலைப்புகள் முன்னால் வருகின்றன என்பதில் மட்டும் அதன் சாயல் இருக்கக்கூடும்.

பெரும்பாலான மக்கள் இதன் பெயரை அறிந்தது கொரோனா காலத்தில்தான். 2020 டிசம்பரில் தடுப்பூசிகள் வரத் தொடங்கியபோது, எந்த நாட்டில் எத்தனை பேருக்குப் போடப்பட்டது என்பதை நாள்தோறும் ஓரிடத்தில் திரட்டித் தரும் பொறுப்பைச் சில ஆய்வாளர்கள் மட்டுமே கொண்ட இந்தச் சிறு குழு ஏற்றுக்கொண்டது. உலகெங்கும் பத்திரிகைகள் வெளியிட்ட தடுப்பூசி வரைபடங்களில் பெரும்பகுதி அந்தத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவையே. அந்தக் காலத்தின் தரவுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அவற்றில் இந்திய வாசகர் தவறாமல் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 2021 இறுதி வரை இந்தியாவில் கொரோனாவால் இறந்தவர்கள் ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்பது அரசின் கணக்கு. அதே இரண்டு ஆண்டுகளில் வழக்கத்துக்கு மேலாக நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ 47 இலட்சம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு. இந்திய அரசு அந்த மதிப்பீட்டின் கணித முறையையே மறுத்தது. இந்தத் தளம் இரண்டு எண்களையும் வெவ்வேறு தலைப்புகளில் வைத்து, ஒன்று பதிவான இறப்பு, மற்றொன்று கணித மாதிரியின் வழியான கணிப்பு என்று பிரித்துச் சொல்கிறது. எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லாமல், இரண்டும் எப்படிக் கிடைத்தன என்று விளக்குவதோடு நின்றுகொள்ளும் இந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பயன்படுத்தும் முறை எளியது. ஒரு தலைப்பைத் தேடினால் கோட்டுப்படம் ஒன்று திறக்கும். அதையே உலகப் படமாகவோ அட்டவணையாகவோ மாற்றிப் பார்க்கலாம். கீழே உள்ள காலக்கோட்டை இழுத்தால் ஆண்டுகள் நகரும். வேண்டிய நாடுகளைச் சேர்க்கலாம், நீக்கலாம். படத்தையும் எண்களையும் தனித்தனிக் கோப்பாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம். இவையெல்லாம் பிற தளங்களிலும் ஓரளவு உண்டு. தனித்தன்மை படத்துக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு படத்தின் அடியிலும் தரவைப் பற்றிய ஒரு பகுதி உண்டு. இந்த எண் எதை அளக்கிறது, எந்த நிறுவனம் திரட்டியது, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, இத்தளத்தார் அதில் என்ன மாற்றம் செய்தார்கள், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும். படத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர் இந்தச் சேவையின் பாதியைக்கூடப் பெறவில்லை என்றே சொல்வேன்.

இதற்கு வறுமையைப் பற்றிய பக்கங்களைவிடச் சிறந்த சான்று இல்லை. உலகில் தீவிர வறுமையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது பொது அறிவு நூல்களில் ஒரே வரியில் முடிந்துவிடும் செய்தி. ஆனால் அந்த எண்ணைத் தீர்மானிக்கும் வறுமைக் கோட்டை உலக வங்கி 2022இல் நாளொன்றுக்கு 1.90 டாலரிலிருந்து 2.15 டாலராகவும், 2025 ஜூனில் 3 டாலராகவும் மாற்றியது. விலைவாசி ஒப்பீடுகள் புதுப்பிக்கப்பட்டதும், ஏழை நாடுகள் தாங்களே வகுத்துக்கொண்ட வறுமைக் கோடுகள் உயர்ந்ததும் இதற்குக் காரணம். இரண்டாவது மாற்றத்தால் 2022ஆம் ஆண்டுக்கான எண்ணிக்கை மட்டும் 71.3 கோடியிலிருந்து 83.8 கோடியாக ஏறியது. அதாவது ஒருவருடைய வாழ்க்கையிலும் எந்த மாற்றமும் நிகழாமலேயே 12.5 கோடிப் பேர் ஏழைகள் பட்டியலில் சேர்ந்தார்கள். இந்தியாவிலோ, நுகர்வுச் செலவைக் கேட்டறியும் முறை மாறிய புதிய ஆய்வு அதே சமயத்தில் கணக்கில் சேர்க்கப்பட்டதால், கோடு உயர்ந்தபோதும் வறுமை விகிதம் 2011-12இல் இருந்த 27.1 விழுக்காட்டிலிருந்து 2022-23இல் 5.3 விழுக்காடாகக் குறைந்ததாக உலக வங்கி மதிப்பிட்டது. இடைப்பட்ட காலத்தில் 2017-18இல் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகளை வெளியிடுவதில்லை என்று அரசு 2019இல் முடிவெடுத்தது. எனவே அந்தப் பத்தாண்டுகளில் இந்தியாவின் வறுமை விகிதத்தைக் காட்டும் படக்கோடு எவ்வளவு வழவழப்பாக இறங்கினாலும், இரு முனைகளுக்கு நடுவே உள்ளது நேரடி அளவீடு ஆகாது.

இங்கே டாலர் என்பதையும் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்று டாலர் என்றதும் வங்கியின் மாற்று வீதத்தால் பெருக்கி, இருநூற்று ஐம்பது ரூபாய்க்கு மேல் வருகிறதே, நம் ஊரில் எத்தனையோ பேர் அதற்குக் கீழேதானே செலவு செய்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. இது வாங்கும் திறனைச் சமப்படுத்திய கற்பனை டாலர். 2021ஆம் ஆண்டு விலைவாசியில் இந்தியாவில் அதன் மதிப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ அறுபது ரூபாய்தான். இந்த விளக்கத்தைத் தளம் மறைக்கவில்லை; ஆனால் இரண்டு சொடுக்குகளுக்கு அப்பால் வைத்திருக்கிறது. படத்தின் நெற்றியிலேயே இருக்க வேண்டிய செய்தி அது.

வியப்பூட்டும் எண்களை மட்டுமே விரும்புபவர்களுக்கும் இங்கே குறைவில்லை. உலகின் வாழத்தக்க நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதி வேளாண்மைக்குப் பயன்படுகிறது. அந்தப் பாதியில் முக்கால் பங்குக்கு மேல் மேய்ச்சலுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் போகிறது. ஆனால் மனிதர் உண்ணும் கலோரிகளில் ஐந்தில் ஒரு பங்குகூட அதிலிருந்து வருவதில்லை. சூரிய மின்தகட்டின் விலை 1976இல் ஒரு வாட்டுக்கு 100 டாலருக்கு மேல் இருந்தது. 2019இல் அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 2017ஆம் ஆண்டை ஒட்டி உச்சத்தைத் தொட்டுவிட்டு, பிறகு குறையத் தொடங்கிவிட்டது. உலக மக்கள்தொகை இன்னும் பெருகிக்கொண்டிருக்கும்போதே குழந்தைகளின் தொகை சரியத் தொடங்கிவிட்டது என்பதை நம்புவதற்குப் பலருக்குச் சற்று நேரம் ஆகும்.

குழந்தை இறப்பு பற்றிய பகுதியே இந்தத் தளத்தின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. வரலாற்றின் பெரும்பகுதியில், எந்த நிலப்பகுதியை எடுத்துக்கொண்டாலும், பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதி பருவமடையும் முன்பே இறந்தன. இன்று உலக அளவில் ஐந்து வயதுக்குள் இறப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அதே சமயம் அந்த நான்குக்கும் குறைவான விழுக்காடு, 2022இல் மட்டும் 49 இலட்சம் குழந்தைகள். நாளொன்றுக்குப் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த விகிதம் சராசரியாக அரை விழுக்காட்டைக்கூடத் தொடுவதில்லை. மூன்று செய்திகளும் ஒருசேர உண்மை. இவற்றில் எந்த ஒன்றையும் விட்டுவிட்டுப் பேசினால் அது பிரசாரமாகிவிடும் என்பதை ரோசர் தம் கட்டுரைகளில் தொடர்ந்து வலியுறுத்துகிறார். ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீட்டில் 1960இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 240 குழந்தைகள் ஐந்தாம் பிறந்தநாளைக் காணவில்லை. 2022இல் அது 29 ஆகியிருந்தது. நம் பாட்டிமார் தாங்கள் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையைச் சொல்லும்போது, 'தங்கியது இத்தனை' என்று சேர்த்துச் சொல்வார்களே, அந்த வழக்கின் பின்னணி இந்த ஒரு கோட்டில் இருக்கிறது.

ஆனால் இதே இடத்தில்தான் சேவையின் மிகப் பெரிய குறையும் தெரிகிறது. இதன் அலகு நாடு. இந்தியா என்றால் ஒரே கோடு, ஒரே நிறம், ஒரே சராசரி. 140 கோடிப் பேரும் ஒரு புள்ளி. சில இலட்சம் பேர் வாழும் ஐஸ்லாந்தும் ஒரு புள்ளி. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்கு உட்பட்டோர் இறப்பு ஆயிரத்துக்குக் கேரளத்தில் 5.2, தமிழ்நாட்டில் 22.3, உத்தரப் பிரதேசத்தில் 59.8. கேரளத்தின் எண் வளர்ந்த மேலை நாடுகளின் வரிசையில் சேர்வது. உத்தரப் பிரதேசத்தின் எண்ணுக்கு இணை தேட வேண்டுமானால் ஆப்பிரிக்க நாடுகளின் பட்டியலுக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் கலந்து கிடைக்கும் இந்தியச் சராசரி, எந்த மாநிலத்தின் நிலையையும் சொல்வதில்லை. கருவள விகிதத்திலும் இதே கதைதான். நாடு முழுமைக்கும் ஒரு பெண்ணுக்கு 2.0 குழந்தைகள் என்று காட்டும் அதே கணக்கெடுப்பில் பீகார் 3.0, தமிழ்நாடு 1.8, சிக்கிம் 1.1. தென்கொரியாவின் கருவள விகிதம் 2023இல் 0.72 வரை வீழ்ந்ததை உலகமே வியந்து பேசுகிறது. அந்தத் திசையில் நடக்கத் தொடங்கிவிட்ட இந்திய மாநிலங்களை இந்தத் தளத்தில் தேடினால் கிடைக்கமாட்டா. மக்களவைத் தொகுதி மறுவரையறையைப் பற்றித் தமிழ்நாட்டில் நடக்கும் விவாதம் முழுவதும் மாநிலங்களுக்கு இடையிலான இந்த வேறுபாட்டின் மேல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நமக்கு இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பது விளங்கும்.

மற்றொரு சிக்கலையும் இங்கே சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் 22.3 என்னும் எண்ணை மேலே தந்தேன். இந்தியப் பதிவாளர் நாயகம் நடத்தும் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டு அறிக்கையோ அதே தமிழ்நாட்டுக்கு 13 என்கிறது. இரண்டும் அரசின் கணக்குகள்தாம். முதலாவது, கணக்கெடுப்புக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் சராசரி, தாய்மார்களை நேரில் கேட்டு எழுதியது. இரண்டாவது, தேர்ந்தெடுத்த பகுதிகளில் பிறப்பையும் இறப்பையும் தொடர்ந்து பதிவு செய்து, குறிப்பிட்ட ஆண்டுக்கு மட்டும் கணக்கிட்டது. சமூக ஊடகங்களில் இரு தரப்பினர் ஆளுக்கொரு எண்ணை எடுத்துக்கொண்டு மற்றவரைப் பொய்யர் என்று திட்டிக்கொள்ளும் சண்டைகளில் பாதி இத்தகைய இரட்டை எண்களால் விளைபவை. மாநிலத் தரவைச் சேர்க்கும் அளவுக்கு இத்தளம் என்றாவது விரியுமானால், இந்த வேறுபாடுகளை விளக்கும் திறமை அதனிடம் இருக்கிறது என்பதற்குச் சாலை விபத்துகளை ஒட்டிய குறிப்புகளே சான்று. 2021இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1.54 இலட்சம் பேர் என்பது அரசின் பதிவு; உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு இரண்டு இலட்சத்துக்கு மேல். காவல்துறைப் பதிவுக்கு வராத இறப்புகளையும் கணித்துச் சேர்ப்பதால் இந்த வேறுபாடு எழுகிறது என்னும் அடிப்படைச் செய்தி அங்கே கிடைக்கிறது.

மக்கள்தொகைப் பக்கங்களைப் படிக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. 2022 நவம்பர் 15 அன்று உலக மக்கள்தொகை 800 கோடியைத் தொட்டது என்பதும், 2023 ஏப்ரலில் இந்தியா சீனாவை முந்தியது என்பதும் எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கத்தில் வந்த செய்திகள். இரண்டுமே ஐக்கிய நாடுகள் அவையின் கணிப்புகள். இந்தியா கடைசியாகத் தலைகளை எண்ணியது 2011இல். 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், அடுத்ததற்குக் குறிப்பு நாளாக 2027 மார்ச் 1 அறிவிக்கப்பட்டுள்ளது. எனவே ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு நாடு மற்றொன்றை முந்தியது என்பது அடையாள அறிவிப்பே தவிர, எவரும் எண்ணிப் பார்த்துச் சொன்னதன்று. நொடிக்கு நொடி மக்கள்தொகையை ஏற்றிக் காட்டும் எண்பலகைகளை வைத்திருக்கும் வேறு சில தளங்கள் இந்த மயக்கத்தை வளர்க்கின்றன. ஆண்டு மதிப்பீட்டை நொடிகளால் வகுத்து ஓடவிட்டால் அது நேரடி ஒளிபரப்பு ஆகிவிடாது. 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' அந்த வேடிக்கையில் இறங்கவில்லை. கடந்த கால மதிப்பீட்டையும் எதிர்கால முன்கணிப்பையும் அது பிரித்தே காட்டுகிறது.

மின்சாரத்தைப் பற்றிய பகுதி ஒன்று தமிழ்நாட்டில் நிச்சயம் வாக்குவாதத்தைக் கிளப்பும். நூறு கோடி யூனிட் மின்சாரம் உற்பத்தி செய்வதில் விபத்தாலும் காற்று மாசாலும் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று ஒப்பிடும் படம் அது. நிலக்கரிக்கு ஏறத்தாழ 25 பேர், அணுசக்திக்கு 0.03, சூரிய ஒளிக்கு 0.02. செர்னோபில், ஃபுகுஷிமா விபத்துகளின் இறப்புகளையும் சேர்த்த பிறகே அணுசக்திக்கு இந்த எண் வருகிறது. கூடங்குளத்தையும் இடிந்தகரையையும் அறிந்த வாசகர் இதைப் பார்த்ததும் ஒன்று வெற்றிக் களிப்போடு பகிர்வார், அல்லது சினத்தோடு மூடிவிடுவார். இரண்டுக்கும் முன்னால் அடிக்குறிப்பைப் படிப்பது நல்லது. நிலக்கரிக்கான எண் 2007இல் வெளியான, ஐரோப்பிய மின்நிலையங்களை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. மக்கள் நெருக்கமும், மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும், நிலக்கரியின் சாம்பல் அளவும் வேறாக உள்ள எண்ணூருக்கோ நெய்வேலிக்கோ அதே எண்ணைப் பொருத்த முடியாது. மேலும், வாழிடத்தை இழப்பது, கடலை நம்பிய தொழிலுக்கு வரும் கேடு, கழிவைப் பற்றிய நீண்ட கால அச்சம் ஆகியவை இறப்பு என்னும் கட்டத்துக்குள் அடங்குவன அல்ல. ஒரு படம் எதை அளக்கவில்லை என்பதைப் பெரிய எழுத்தில் சொல்லும் வழக்கம் இத்தளத்துக்கு இன்னும் முழுமையாக வரவில்லை.

நீண்ட கால வரலாற்றுப் படங்களைப் பற்றி எழுந்த விவாதம் இன்னும் ஆழமானது. 1820 முதல் இன்று வரை உலக வறுமை தொடர்ந்து குறைந்ததாகக் காட்டும் புகழ்பெற்ற படத்தை 2019இல் ஜேசன் ஹிக்கல் என்னும் பொருளியல் மானுடவியலாளர் கடுமையாக விமர்சித்தார். 1980களுக்கு முன் பெரும்பாலான நாடுகளில் குடும்பச் செலவு ஆய்வுகளே இல்லை என்பதும், காலனி ஆட்சியில் நிலத்தையும் காட்டையும் இழந்தவர்களின் இழப்பு பண வருமானக் கணக்கில் வராது என்பதும் அவருடைய வாதங்கள். ரோசரும் இத்தளத்தின் ஆய்வாளர் ஜோ ஹாசலும் விரிவாகப் பதிலளித்தார்கள். பணம் கொடுத்து வாங்காத பண்டங்களின் மதிப்பும் அந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களின் விடை. இரு தரப்பையும் படித்த பிறகு என் தீர்ப்பு இது: ஆயுளும் குழந்தை இறப்பும் காட்டும் முன்னேற்றம் ஐயத்துக்கு இடமற்றது, வறுமைப் படத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பகுதியைத் துல்லியமான அளவீடாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் முன்னோர் தாது வருடப் பஞ்சம் என்று பெயர் வைத்து நினைவில் காத்த 1876-78ஆம் ஆண்டுகளின் பேரழிவு, சென்னை மாகாணத்தையும் மைசூரையும் சூறையாடியபோதும், அந்த வழவழப்பான உலகக் கோட்டில் ஒரு சிறு நெளிவைக்கூட ஏற்படுத்தவில்லை. நியாயமாகச் சொன்னால், அதே தளத்தில் பஞ்சங்களுக்கென்று தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. 1860கள் முதல் பத்தாண்டு பத்தாண்டாகப் பட்டினிச் சாவுகளைத் தொகுத்த அந்தப் படத்தில் 1870கள் உயர்ந்து நிற்பதைக் காணலாம். இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படிக்கும் பொறுப்பு வாசகருடையதாக விடப்பட்டிருக்கிறது.

இதே துறையில் இயங்கும் இன்னொரு சேவையான ஸ்வீடனின் 'கேப்மைண்டர்' பற்றி ஒரு சொல். மருத்துவரான ஹான்ஸ் ரோஸ்லிங் தம் மகனுடனும் மருமகளுடனும் 2005இல் நிறுவியது அது. 1972இல் பெங்களூரில் மருத்துவம் பயில வந்தபோது, அங்கிருந்த இந்திய மாணவர்கள் தம்மைவிட நன்றாகப் படித்திருந்ததைக் கண்டு மேலை நாட்டுப் பெருமிதம் தகர்ந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 2017இல் பதினான்கு நாடுகளில் 12,000 பேரிடம் உலகத்தைப் பற்றி அவர்கள் கேட்ட முதல் பன்னிரண்டு கேள்விகளுக்குச் சராசரியாக இரண்டுக்கு மட்டுமே சரியான விடை கிடைத்தது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடைகளே இருந்ததால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால்கூட நான்கு கிடைத்திருக்கும். பள்ளி மாணவர்களுக்கு ஆர்வத்தை மூட்ட அந்த வினாடி வினாக்கள் மிகவும் ஏற்றவை. ஆர்வம் பிறந்த பிறகு செல்ல வேண்டிய இடம் 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா'தான்.

நம் கணிப்புகள் ஏன் இவ்வளவு பிழைபடுகின்றன என்பதற்கு இத்தளத்தில் ஒரு கட்டுரை ஓரளவு விடை தருகிறது. அமெரிக்கர்களின் இறப்புக்கான காரணங்களையும் நாளிதழ்கள் அவற்றுக்கு ஒதுக்கிய இடத்தையும் அது ஒப்பிடுகிறது. எடுத்துக்கொண்ட காரணங்களில் இதய நோய் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு; செய்திகளில் அதற்குக் கிடைத்த இடம் இரண்டு அல்லது மூன்று விழுக்காடு. தற்கொலை, கொலை, பயங்கரவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்து இறப்பில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. செய்திகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். தமிழ் நாளிதழ்களை வைத்து இப்படி ஒரு கணக்கை இதழியல் மாணவர் யாராவது எடுத்தால், பயனுள்ள ஆய்வேடாக அமையும்.

குறைகளில் சிறியவை சிலவற்றையும் குறித்துவிடுகிறேன். தளம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கைப்பேசியின் சிறு திரையில் ஏழெட்டு நாடுகளைச் சேர்த்தால் கோடுகளின் பெயர்கள் நெருங்கிப் படிக்கக் கடினமாகின்றன. கணினியே இதற்கு ஏற்றது. உலகப் படத்தில் நிறங்கள் சில வகுப்புகளாகப் பிரிக்கப்படுவதால், அருகருகே உள்ள இரண்டு எண்கள் வெவ்வேறு நிறத்திலும், தொலைவில் உள்ள இரண்டு எண்கள் ஒரே நிறத்திலும் வந்துவிடுவதுண்டு. நிறத்தை நம்பாமல் விரலை வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். மொத்த அளவா, தலா அளவா என்பதையும் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். கரியமில வாயு வெளியேற்றத்தில் இந்தியா உலகில் மூன்றாம் இடம் என்பதும், தலைக்கு ஏறத்தாழ 2 டன் என்ற அளவில் அமெரிக்கரின் வெளியேற்றத்தில் ஆறில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பதும் ஒரே தரவின் இரு முகங்கள்; அரசியல் மேடைகளில் யார் எதை எடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஓர் அறிவுரை: உலக அளவிலான போக்குகளுக்கு இதை முதன்மைத் துணையாகக் கொள்ளலாம், இந்தியாவைப் பற்றிய வினாக்களுக்குத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, மாதிரிப் பதிவு முறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆகியவற்றின் அறிக்கைகளையே பார்க்க வேண்டும், ஏனெனில் தேர்வாணையத்தின் விடைக்குறிப்பு அவற்றிலிருந்துதான் வரும். பத்திரிகையாளர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். ஆசிரியர்களுக்கும் அவ்வாறே, இங்குள்ள படங்களும் கட்டுரைகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எவரிடமும் அனுமதி கேட்காமல் தலைப்புகளைத் தமிழாக்கி வகுப்பறையிலோ இதழிலோ பயன்படுத்தலாம். தயாரித்தவர்களின் பெயரையும் மூலத்தையும் படத்தின் அடியில் குறிப்பிட வேண்டும். பிற நிறுவனங்களிடமிருந்து பெற்ற மூலத் தரவுகளுக்கு அந்தந்த நிறுவனங்களின் நிபந்தனைகள் பொருந்தும்.